விஞ்ஞான முற்றம்: கிருமிக்கு இட்ட உணவு

சென்ற இதழில் பெனிசிலின் கண்டறியப்பட்ட வரலாற்றை இப்பகுதியில் எழுதியிருந்தேன். அதனைப் படித்த சகோதரி ஒருவர், பிம்பிரியை அடுத்த குடியிருப்பொன்றிலிருந்து, நல்லதொரு கேள்வியை எழுதி விடுத்திருக்கின்றார். “மழைக்காலத்தில் எங்கள் வீட்டு ரொட்டித் துண்டின்மீது இரண்டு மூன்று நாளில் பச்சைப் பூசணம் படர்ந்துவிடுகின்றது. வேண்டாமென்றாலும் வளர்கின்ற ஒன்றிலிருந்து மருந்தெடுப்பதற்கு இத்தனை பெரிய தொழிற்சாலைகளும், இத்தனை நிபுணர்களும், இத்தனை ஆண்டு ஆராய்ச்சியும் எதற்காக வேண்டியிருந்தன?” என்பது அவர் கேள்வி.

கேள்வி எளியது, ஆயின் மேனாட்டு விஞ்ஞானிகள் பல ஆண்டுகள் இதே கேள்வியோடுதான் போராடினார்கள். பூசணத்தை வளர்ப்பது ஒருபோதும் கடினமாக இருந்ததில்லை. வளர்ந்த பூசணமோ பாக்டீரியாவோ நமக்கு வேண்டிய மருந்தை, வேண்டிய அளவில் சுரக்கும்படி செய்வதுதான் கடினம். அதற்கு நல்ல இனத்தைத் தெரிந்தெடுப்பது ஒரு வழி. அதற்கு ஒப்பான மற்றொரு வழி, அவ்வுயிருக்கு என்ன உணவை, எவ்வளவு, எப்பொழுது இடுகின்றோம் என்பது. இந்த இரண்டாவது செய்தி அடுக்களைக்கு மிகவும் அண்மையில் உள்ளது. ஆதலின் இம்முறை அதனையே எடுத்துக்கொள்கின்றேன்.

மருந்து போதாமையால் நேர்ந்த ஒரு துயரத்திலிருந்து தொடங்குகின்றேன். 1941ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம், இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டு நகர மருத்துவமனையில், முகமும் தலையும் சீழ்பிடித்து, ஒரு கண்ணையும் இழந்து கிடந்த காவலர் ஒருவருக்குப் பெனிசிலின் ஏற்றினார்கள். மனிதருக்கு நோய் தீர்ப்பதற்காக அம்மருந்தை ஊசிவழி முறையாகக் கொடுத்தது அப்பொழுதுதான். காய்ச்சல் இறங்கிற்று, உணவு கொள்ளத் தொடங்கினார். ஆனால் ஃப்ளோரி, செயின், ஹீட்லி முதலியோர் மாதக்கணக்கில் திரட்டி வைத்திருந்த மருந்து சில நாட்களில் தீர்ந்துவிட்டது. நோயாளியின் சிறுநீரைச் சேகரித்து, அதில் வெளியேறிய பெனிசிலினை மீண்டும் பிரித்தெடுத்து அவருக்கே ஏற்றினார்கள். அதுவும் தீர்ந்தது. மார்ச்சு 15ஆம் நாள் அவர் மாண்டார். மருந்து பலிக்கவில்லை என்று சொல்வதற்கில்லை; பலித்துக்கொண்டிருக்கும்போதே கையில் இல்லாமற் போயிற்று.

அக்காலத்தில் அவர்கள் பூசணத்தை வளர்த்தது தகர டப்பாக்களிலும், பால் கலங்களிலும், மருத்துவமனையின் படுக்கைக் கலங்களிலும். பின்னர் அதற்கென்றே செய்வித்த பீங்கான் சாடிகளில். அக்கலங்களில் ஊறிய நீரில் ஒரு மில்லி லிட்டருக்கு ஓர் அலகு அல்லது இரண்டு அலகு பெனிசிலின்தான் இருந்தது. இன்று கடும் நோயுற்ற ஒருவருக்கு ஒரே வேளைக்கு இருபது இலட்சம் அலகு ஏற்றுவதுண்டு. கணக்கிட்டுப் பாருங்கள். அந்த ஒரு வேளை ஊசிக்கு, பிரித்தெடுக்கையில் ஏற்படும் நஷ்டத்தை விட்டுவிட்டாலும், ஆயிரம் லிட்டர் நீரை வடித்திருக்க வேண்டும்!

போர்க்குண்டுகள் விழுந்துகொண்டிருந்த நாட்டில் இந்த வேலையைப் பெருக்க இயலாதென்று கண்ட ஃப்ளோரியும் ஹீட்லியும் 1941 ஜூலையில் அமெரிக்காவுக்குச் சென்றார்கள். அவர்கள் போய்ச் சேர்ந்த இடம் பெரிய மருத்துவக் கல்லூரியன்று. இல்லினாய் மாநிலத்தில், சோளக் கொல்லைகளுக்கு நடுவே உள்ள பியோரியா என்னும் ஊரில், வேளாண்மைத் துறை நடத்திய ஆராய்ச்சி நிலையம். உழவர்களிடம் தேங்கிப் போகும் விளைபொருளுக்கும் ஆலைக் கழிவுகளுக்கும் ஏதேனும் புதுப் பயன் கண்டுபிடிப்பதே அந்நிலையத்தின் பணி. ஆகவே அங்கே எந்தக் கிருமியை வளர்க்க முனைந்தாலும் முதலில் ஒரு பொருளை ஊற்றிப் பார்ப்பது வழக்கமாயிருந்தது. அது மக்காச்சோளம் ஊறிய நீர்.

மக்காச்சோளத்திலிருந்து மாவுச்சத்தைப் பிரிக்கும் ஆலைகளில், தானியத்தை வெதுவெதுப்பான நீரில் ஒன்றிரண்டு நாள் ஊற வைக்கின்றார்கள். தானியத்தின் சத்துக்களில் ஒரு பகுதி அந்நீரில் இறங்குகின்றது. புளிப்பு உண்டாக்கும் பாக்டீரியாக்கள் அதில் பெருகி, அதனைச் சற்றே புளிக்கவும் வைக்கின்றன. பிறகு நீரைச் சுண்டவைத்தால், பழுப்பு நிறமாக, பாகு போன்ற குழம்பு கிடைக்கின்றது. நம் ஊர்களில் அரிசி களைந்த கழுநீரை வீணாக்காமல் மாட்டுத் தொட்டியில் ஊற்றுவோம் அல்லவா? அமெரிக்க ஆலைக்காரர்களும் அதுபோலவே அக்குழம்பை மாட்டுத் தீவனத்தோடு கலந்து வந்தார்கள். வேறு பெரிய மதிப்பு அதற்கு இருந்ததில்லை.

அந்நிலையத்தில் பணியாற்றிய ஆண்ட்ரூ மோயர் என்பவர் இக்குழம்பைப் பெனிசிலின் பூசணத்திற்கு ஊட்டினார். விளைச்சல் ஏறத்தாழப் பத்து மடங்கு உயர்ந்தது. புதிய யந்திரம் எதுவும் இதற்குத் தேவைப்படவில்லை. மாட்டுத் தொட்டிக்குப் போக வேண்டிய கழுநீர் மனிதர் உயிரைக் காக்கும் மருந்தின் அளவைப் பத்தாகப் பெருக்கியது என்று அறியும்போது, விஞ்ஞான வரலாற்றில் அறிவாற்றலுக்கு எவ்வளவு பங்கோ, அவ்வளவு பங்கு அருகில் என்ன கிடந்தது என்பதற்கும் உண்டென்று எனக்குத் தோன்றுகின்றது. பியோரியா நெல் விளையும் ஊராக இருந்திருந்தால் கதை எப்படிப் போயிருக்குமோ!

மோயர் செய்த இரண்டாவது மாற்றம் இன்னும் நுட்பமானது. உடனே கரைந்து உடலிற் சேரும் சர்க்கரைக்கு மாறாக, பாலில் உள்ள சர்க்கரையாகிய லாக்டோஸை அவர் இட்டார். விளைச்சல் மேலும் ஏறிற்று. பூசணத்திற்கு லாக்டோஸ் அவ்வளவு விருப்பமான உணவன்று. மெல்ல மெல்லத்தான் உண்ணும். நல்ல உணவைக் கொடுத்தால் மருந்து குறைவதும், சுவையற்ற உணவைக் கொடுத்தால் மருந்து கூடுவதும் விந்தையாகத் தோன்றலாம். ஆனால் தோட்டம் வைத்தவர்களுக்கு இது விந்தையாகாது. மல்லிகைச் செடிக்கு ஓயாமல் நீர் பாய்ச்சினால் தழைத்துக்கொண்டே போகும். சில நாள் நீரை நிறுத்திக் கிளையைக் கழித்துவிட்டால்தான் அரும்பு கட்டும். நெற்பயிருக்கு யூரியாவை அளவு மீறி இட்டவர் கரும்பச்சைத் தாளைக் கண்டு மகிழலாம். களத்தில் பதரைத்தான் தூற்ற வேண்டியிருக்கும்.

நுண்ணுயிர்களின் வாழ்விலும் இவ்வாறே இரண்டு பருவங்கள் உண்டு. எளிதாகச் செரிக்கும் உணவு நிறைந்திருக்கும்வரையில் அவை உடலைப் பெருக்குவதிலேயே முனைந்திருக்கும். உணவு அருகத் தொடங்கி வளர்ச்சி தளர்ந்த பின்னரே, ஆன்டிபயாடிக் என்று மருத்துவர் வழங்கும் நுண்ணுயிர்க்கொல்லிகளைப் பெரும்பாலும் சுரக்கின்றன. கையருகே குளுக்கோஸ் மிகுதியாக இருந்தால், மருந்தை ஆக்கும் உறுப்புப் பொருள்களை உண்டாக்கும் வேலையே உயிரணுவினுள் அடங்கிக் கிடக்கும். ஆகவே, பசி தெரிய வேண்டும். பட்டினியாகிச் சாகவும் கூடாது. அந்த நடுவழியைப் பிடிப்பதே தொழில். பிற்காலத்தில் லாக்டோஸையும் விட்டுவிட்டு, மலிவான குளுக்கோஸையே சிறுகச் சிறுக, பல நாள் விடாமல், தொட்டியில் ஒழுகவிடும் முறையைக் கைக்கொண்டார்கள். ஒரே பொருள்தான், மொத்தமாகக் கொட்டினால் கெடுக்கின்றது, அளந்து ஊட்டினால் கொடுக்கின்றது.

சோளக் குழம்பு மற்றொரு மாயமும் செய்தது. இங்கிலாந்தில் எடுத்த பெனிசிலினும் அமெரிக்காவில் எடுத்த பெனிசிலினும் ஒரே பொருளல்ல என்று ரசாயன அறிஞர் கண்டார்கள். மூலக்கூற்றின் நடுப்பகுதி ஒன்றுதான். ஆனால் அதில் தொங்கும் வால் போன்ற பகுதி வேறாக இருந்தது. ஏனெனில், சோளக் குழம்பில் இருந்த சில பொருள்களைப் பூசணம் எடுத்து, அவற்றையே வாலாகக் கட்டியிருந்தது. அப்படியானால் வேண்டிய வாலை நாமே கொடுத்தால் என்ன என்ற யோசனை பிறந்தது. ஃபினைல் அசெட்டிக் அமிலத்தைச் சேர்த்தார்கள். இன்று ஊசியில் ஏற்றப்படும் பெனிசிலின் ‘ஜி’ வேறு வகைகளின் கலப்புக் குறைந்து, மிகுதியாகக் கிடைத்தது. இவ்வமிலம் அளவு மிஞ்சினால் பூசணத்திற்கே நஞ்சு. ஆதலால் இதையும் சிறிது சிறிதாகவே ஊட்ட வேண்டும்.

ஆஸ்திரியாவில், கைவிடப்பட்ட மதுவடிப்பாலை ஒன்றில் பெனிசிலின் செய்யத் தொடங்கிய குண்டல் என்னும் ஊரார்க்கு, 1950களின் தொடக்கத்தில் இதையொட்டி ஒரு நற்பேறு வாய்த்தது. தொட்டிகளில் அயற்கிருமிகள் புகுந்து தொல்லைப்படுத்தவே, அவற்றைத் தடுக்க ஃபினாக்சி வகையைச் சேர்ந்த ஒரு பொருளைக் கலந்தார்கள். பூசணம் அதனையும் வாலாகக் கட்டிக்கொண்டது. அவ்வாறு பிறந்த பெனிசிலின் ‘வி’ வயிற்றின் அமிலத்தில் சிதையாதிருப்பதை அங்கே கண்டார்கள். அதனால்தான் இன்று நம் குழந்தைகள் தொண்டைப்புண்ணுக்கு ஊசி குத்திக்கொள்ளாமல், பெனிசிலினை மாத்திரையாக விழுங்க முடிகின்றது.

இதுகாறும் சொன்னது பூசணத்தின் கதை. நம் நாட்டிற்கு இன்னும் நெருங்கிய தொடர்புடையது பாக்டீரியாவின் கதை. ஏனெனில் காசநோய் மருந்துகளுள் இரண்டு அதில் வருகின்றன.

கோடையின் முதல் மழை விழுந்ததும் மண்ணிலிருந்து ஒரு வாசனை எழும்புகின்றதே, அதற்குக் காரணமான பொருளைச் சுரப்பவை ஸ்ட்ரெப்டோமைசிஸ் என்னும் மண்வாழ் பாக்டீரியாக்கள். பூசணம்போல இழையிழையாக வளருமேனும், இனத்தால் பாக்டீரியாவே. அவற்றுள் ஒன்றிலிருந்து 1943ஆம் ஆண்டு, அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்தில், வாக்ஸ்மனின் ஆராய்ச்சிச் சாலையில் இளைஞர் ஆல்பர்ட் ஷாட்ஸ் ஸ்ட்ரெப்டோமைசினைக் கண்டெடுத்தார். காசநோய்க் கிருமியைக் கொல்லும் முதல் நுண்ணுயிர்க்கொல்லி அதுவே. 1952இல் நோபல் பரிசு வாக்ஸ்மனுக்கு மட்டும் சென்றது. ஷாட்ஸின் மனத்தாங்கல் அதற்கு முன்னரே நீதிமன்றம் வரை போயிருந்தது. அந்தக் கசப்பான செய்தியைத் தனியே ஒரு முறை எழுத எண்ணியிருக்கின்றேன்.

ஸ்ட்ரெப்டோமைசிஸுக்கு முதலில் ஊட்டியது இறைச்சிச் சாறும் செரித்த புரதமும் குளுக்கோஸும். விலையுயர்ந்த உணவு. சில ஆண்டுகளுக்குள் அதன் இடத்தைச் சோயா மொச்சையின் மாவு பிடித்துக்கொண்டது. மாவு நீரில் கரையாது; பாக்டீரியா அதனை உடைத்து உடைத்து மெல்ல உண்ண வேண்டும். லாக்டோஸ் பற்றிச் சொன்ன அதே நியாயம் இங்கும் பொருந்துவதைக் காண்கின்றீர்கள். வேறு பல மருந்துகளுக்கு நிலக்கடலைப் பிண்ணாக்கும் பருத்திக்கொட்டை மாவும்கூட உணவாகின்றன. தொட்டிக்குள் காற்றைச் செலுத்திக் கலக்கும்போது நுரை பொங்கி வழியாதிருக்கச் சிறிது எண்ணெய் விடுவதுண்டு. அந்த எண்ணெயையும் கிருமி உண்டுவிடும். அதுவும் கணக்கில் வர வேண்டும்.

உணவிற் கூட்டுவதைப் போலவே குறைப்பதும் இக்கலையில் ஒரு பகுதி. ஃபாஸ்ஃபேட் உப்பு எந்த உயிருக்கும் இன்றியமையாதது. ஆயினும் அது சற்று மிகுந்தால் ஸ்ட்ரெப்டோமைசின் குறைந்துவிடுகின்றது. பாக்டீரியா இம்மருந்தை ஆக்கும்போது, கடைசிப் படி வரையில் அதனுடன் ஒரு ஃபாஸ்ஃபேட்டைப் பூட்டுப்போலத் தொங்கவிட்டே வைத்திருக்கின்றது. தன் மருந்து தன்னையே கொல்லாதிருக்க அது செய்துகொள்ளும் ஏற்பாடுகளுள் அதுவும் ஒன்று. இறுதியில் பூட்டைக் கழற்றி வெளியே விடும். சுற்றிலும் ஃபாஸ்ஃபேட் நிறைந்திருந்தால் அந்தப் பூட்டைக் கழற்றும் வேலை தடைப்படுகின்றது. ஆகவே வளர்ச்சிக்குப் போதுமான அளவு இட்டு, வளர்ச்சி முடியும் தறுவாயில் அது தீர்ந்திருக்குமாறு கணக்கிட வேண்டும். நம் பெண்டிர் உலையில் உப்பிடும் கைக்கணக்கைவிட இது கடினமானதுதான்; ஆனால் வேறு வகையானதன்று.

சைவ உணவுக் குடும்பங்களுக்குச் சொல்ல வேண்டிய செய்தி ஒன்று இங்கே குறுக்கிடுகின்றது. ஸ்ட்ரெப்டோமைசின் எடுத்த தொட்டி நீரிலேயே ‘பி12’ வைட்டமினும் இருப்பதை 1948இல் கண்டறிந்தார்கள். அவ்வைட்டமினின் ஒவ்வொரு மூலக்கூற்றின் நடுவிலும் கோபால்ட் என்னும் உலோகத்தின் அணு ஒன்று அமர்ந்திருக்கின்றது. தொட்டியில் கோபால்ட் இல்லையேல் வைட்டமின் இல்லை. பத்து இலட்சம் பங்கில் சில பங்கு கோபால்ட் உப்பைச் சேர்த்தால் வைட்டமின் பெருகுகின்றது. இன்று அதனை வேறு பாக்டீரியாக்களைக் கொண்டு செய்கின்றார்கள். கோபால்ட் இடுவது மட்டும் மாறவில்லை. இறைச்சி உண்ணாதவர்களுக்கு மருத்துவர் எழுதித் தரும் பி12 மாத்திரை தாவரத்திலிருந்தோ விலங்கிலிருந்தோ வருவதன்று. பாக்டீரியாவிடமிருந்து வருவது, ஆதலால் மாத்திரையை எண்ணி மனம் கூசுகின்றவர்கள் அமைதியடையலாம்.

டெட்ராசைக்ளின் குடும்பத்தைப் பற்றியும் சுருக்கமாகச் சொல்லி மேலே செல்கின்றேன். அக்குடும்பத்தின் முதல் மருந்தான ஆரியோமைசினை 1948இல் டக்கர் என்னும் முதியவர் வெளிப்படுத்தினார். அவர் பணியாற்றிய லெடர்லி ஆராய்ச்சிச் சாலையின் தலைவராயிருந்தவர் சென்னை மருத்துவக் கல்லூரியிற் பயின்ற எல்லாப்பிரகட சுப்பாராவ். ஆரியோமைசினில் குளோரின் உண்டு. அதே பாக்டீரியாவின் உணவில் குளோரைடு உப்பைக் குறைத்தோ, புரோமைடு உப்பைச் சேர்த்துக் குளோரினைப் பிணைக்கும் வேலையைத் தடுத்தோ விட்டால், குளோரின் இல்லாத டெட்ராசைக்ளின் சுரக்கின்றது. உப்பை மாற்றினால் மருந்தே வேறாகிவிடுகின்றது!

இவை எல்லாவற்றிலும் என்னை மிகவும் வியக்கவைத்தது ரிஃபாமைசின். 1957ஆம் ஆண்டு இத்தாலியில் மிலான் நகரத்து லெப்பெட்டி ஆராய்ச்சிச் சாலையார், பிரெஞ்சு நாட்டுத் தென்கடற்கரையின் பைன் மரத் தோப்பொன்றிலிருந்து கொணர்ந்த மண்ணில் ஒரு பாக்டீரியாவைக் கண்டார்கள். அது சுரந்தது ஒரு மருந்தன்று. ஏ, பி, சி, டி, ஈ என்று பெயரிட வேண்டிய கலவை. அவற்றுள் நிலையாகவும் தூய்மையாகவும் பிரித்தெடுக்கத்தக்கது பி ஒன்றுதான். அதுவோ கலவையில் சிறு பங்கு. ஐந்தையும் பிரிப்பதிலேயே காலமும் பொருளும் கரைந்துகொண்டிருந்தன. அந்நிலையில் வளர்ப்புக் குழம்பில் பார்பிட்டால் என்னும் பொருளைச் சிறிது சேர்த்தார்கள். பாக்டீரியா ஏனையவற்றை ஏறக்குறைய முற்றிலும் விட்டுவிட்டு, பி வகையையே சுரக்கத் தொடங்கிற்று. பார்பிட்டால் எதுவென்று தெரியுமா? 1903ஆம் ஆண்டு முதல் மனிதருக்குத் தூக்க மருந்தாக வழங்கிய பொருள்! அதில் கிருமிக்கு உணவுச்சத்து என்று சொல்லத்தக்கது எதுவுமில்லை. ஆயினும் அதனை ஊட்டியபின்தான் ரிஃபாமைசின் கைக்குள் அடங்கியது. அதன் வழியில் 1960களின் நடுவில் ரிஃபாம்பிசின் பிறந்தது.

ரிஃபாம்பிசின் நம்மவர் பலருக்கு நன்கு தெரிந்த மாத்திரை. உண்டவர்களின் சிறுநீரைச் செம்மஞ்சளாக்குவது அதுவே. அதைக் கண்டு அஞ்சி மருந்தை நிறுத்திவிடுபவர் உண்டென்பதால் இதைக் குறிப்பிடுகின்றேன். அந்நிறத்தால் தீங்கில்லை. முன்பு ஒன்றரை ஆண்டுக்கு மேலும் நீண்ட காசநோய்ச் சிகிச்சை, இதனையும் வேறு மருந்துகளையும் சேர்த்துக் கொடுத்த பிறகு ஆறு மாதமாகக் குறைந்தது. நோயாளியை மருத்துவ விடுதியில் அடைக்காமல் வீட்டிலிருத்தியே மருந்தால் குணப்படுத்தலாம் என்று உலகுக்கு மெய்ப்பித்த ஆராய்ச்சி, 1956இல் சென்னையில் தொடங்கிய காசநோய் மருந்துச் சிகிச்சை நிலையத்தில் நடைபெற்றது. ஆனால் வீட்டில் இருத்திச் சிகிச்சை செய்ய வேண்டுமாயின், ஏழை வீட்டிற்கும் எட்டும் விலையில் மருந்து இருக்க வேண்டும். விலை இறங்குவது தொட்டியில் எவ்வளவு விளைகின்றது என்பதைப் பொறுத்தது. மில்லி லிட்டருக்கு ஓரிரண்டு அலகில் தொடங்கிய பெனிசிலின், நல்லினத் தேர்வாலும் நல்லுணவாலும் ஐம்பதாயிரம் அலகைக் கடந்திருக்கின்றது. விடுதலைக்குப் பின்னர் நம் நாடும் இத்தொட்டிகளைத் தானே நிறுவ விரும்பியதன் காரணம் இதுதான்.

கேள்வி எழுதிய சகோதரியின் ஊரான பிம்பிரியில்தான் அந்த விருப்பம் உருப்பெற்றது. ஐக்கிய நாடுகளின் குழந்தைகள் நிதியமும் உலக நல்வாழ்வு நிறுவனமும் துணை நிற்க, 1954இல் ஹிந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ் அமைக்கப்பட்டு, 1955இல் பெனிசிலின் உற்பத்தி தொடங்கியது. பின்னர் ஸ்ட்ரெப்டோமைசினும் அங்கே செய்யப்பட்டது. அந்த ஊர் மண்ணிலிருந்தே ஒரு ஸ்ட்ரெப்டோமைசிஸைத் தேர்ந்து, 1960களின் தொடக்கத்தில், திருமலாச்சாரும் அவர் குழுவினரும் பூசண நோய்களைத் தீர்க்கும் ஹாமைசினைக் கண்டார்கள். பாக்டீரியாவிற்கு ஊரின் பெயரையே சூட்டி ‘பிம்பிரினா’ என்றழைத்தார்கள். பிழைப்பு நாடி வந்த ஊரின் மண் இத்தகையது என்பது நம் குடும்பங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

நொதிப்புத் தொட்டிகளின் பக்கத்திலேயே வாழ்நாளைக் கழித்த நண்பர் ஒருவர் எனக்குண்டு, திருநெல்வேலிப் பக்கத்தவர். வேறொரு மருந்துத் தொழிற்சாலையில் பணியாற்றியவர். அதன் பெயர் இங்கே வேண்டியதில்லை. அவர் சொன்னதை மறக்க இயலவில்லை. ஒருமுறை வழக்கமான ஆலையை விட்டு, விலை குறைவென்று வேறோர் ஆலையிலிருந்து சோளக் குழம்பை வாங்கினார்கள். ரசாயனப் பரிசோதனையில் எல்லா எண்களும் சரியாகவே இருந்தன. பீப்பாயைத் திறந்து முகர்ந்த நண்பர், “இது புளிக்க வேண்டிய புளிப்பன்று” என்று மேலதிகாரியிடம் சொன்னாராம். “அண்ணாச்சி, மூக்கை நம்பித் தொழிற்சாலை நடத்த முடியுமா?” என்று அவர் சிரித்தார். அந்தக் குழம்பை இட்ட தொட்டிகளில் அவ்வாரம் விளைச்சல் பாதியாயிற்று. ஊறல் ஓரிரு மணி நேரம் கூடினாலோ, புளிப்பேற்றும் பாக்டீரியா மாறினாலோ, குழம்பின் குணம் மாறிவிடும். வடநாட்டுக் குளிர்காலத்தில், அதே அரிசி, அதே உளுந்து, அதே கை. ஆயினும் மாவு பொங்காமல் கல்லாய்க் கிடப்பதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அந்த நண்பருடைய தொட்டிகள் இன்று ஓடவில்லை. 1990களிலிருந்து சீனாவில் மிகப்பெரிய அளவில் செய்யப்பட்ட பெனிசிலின் மிக மலிவாக வந்து இறங்கத் தொடங்கியது. நம் நாட்டில் தொட்டிகள் ஒவ்வொன்றாக நின்றன. மாத்திரை கட்டும் ஆலைகள் பெருகின; மாத்திரைக்குள் இருக்கும் பொருளோ பெரும்பகுதி கப்பலில் வந்தது. அதன் அபாயத்தை உணர்ந்து 2020இல் மத்திய அரசு இத்தகைய மூலப்பொருள்களை இங்கேயே செய்வோருக்கு ஊக்கத்தொகை அறிவித்தது. 2024இல் ஆந்திரத்தில் காக்கிநாடா அருகே பெரிய பெனிசிலின் தொழிற்சாலை ஒன்று உற்பத்தியைத் தொடங்கியிருக்கின்றது. மகிழ்ச்சிக்குரிய செய்தி. ஆனால் தொட்டியை விலைக்கு வாங்குவதுபோல, எப்பொழுது எவ்வளவு ஊட்டுவது என்னும் பழக்கத்தை வாங்கிவிட முடியாது. இடையில் போன ஆண்டுகளில் அப்பழக்கமுடையவர்கள் ஓய்வு பெற்றுச் சென்றுவிட்டார்கள். நண்பர் பேரப்பிள்ளைகளோடு இருக்கின்றார். பீப்பாயை முகர்ந்து பார்க்கச் சொல்லி யாரும் அவரை அழைத்ததில்லை. மலிவாகக் கிடைக்கின்றதே என்று கற்ற தொழிலைக் கைவிட்டது சரியான கணக்கு என்று எனக்குத் தோன்றவில்லை. கடையில் மாவு கிடைக்கின்றதென்று உரலை விற்றுவிட்டு, கடை அடைத்த நாளில் திகைத்து நிற்பதைப் போன்றது அது.

இனிச் சகோதரியின் ரொட்டித் துண்டிற்கு வருவோம். அதில் படர்ந்துள்ள பச்சை, பெனிசிலினைச் சுரக்கும் இனத்தின் உறவாக இருக்கலாம்; வேறாகவும் இருக்கலாம். உறவேயாயினும், ரொட்டியில் உள்ள உணவுக்கு அது சுரப்பது அற்பம். அதனோடு கூட நஞ்சு சுரக்கும் பூசணங்களும் படர்வதுண்டு. பச்சையான இடத்தை மட்டும் கிள்ளியெறிந்துவிட்டு மீதியை உண்பதும் கூடாது. மெல்லிய ரொட்டிக்குள் அதன் இழைகள் கண்ணுக்குத் தெரியாமல் ஓடியிருக்கும். முழுத் துண்டையும் எறிந்துவிடுவதே முறை. அக்கடிதத்தின் பிற்பகுதியில், குளிர்நாட்களில் தயிர் உறையாமைக்கு என்ன செய்வது என்றும் அவர் கேட்டிருக்கின்றார். அதற்கு இம்முறை இடமில்லை. அடுத்த இதழில் எழுதுகின்றேன்.